கழுவினால் போகாத உப்பு

"உப்புக்கு மருந்து தண்ணீர்தான் தம்பி." எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் இந்த வாக்கியம் காதில் விழாத வாரம் கிடையாது. தொட்டி மண்ணில் சேர்ந்துவிடும் உப்பைத்தான் சொல்கிறார். சொல்பவர் தோட்டத்தில் எல்லோருக்கும் மூத்த அக்கா. தண்டுக்கீரை, முருங்கை, கறிவேப்பிலை என்று அவர் கை வைத்ததெல்லாம் தழைக்கும், அதனால் அவர் சொல்லுக்கு எடை அதிகம். அவருக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு சீன அங்கிள். அவருடைய மருந்து முட்டை ஓடு. காயவைத்து, இடித்து, பழைய மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பார். செடி சோர்ந்திருந்தால் ஒரு கரண்டி. "கால்சியம் போட்டால் உப்பு ஒன்றும் செய்யாது" என்பது அவர் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தவன் நான். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் ஏதோ ஓரிடத்தில் குறைகிறது என்ற நெருடல் மட்டும் போகவில்லை. எந்த இடம் என்று பிடிபடவும் இல்லை.

சிங்கப்பூரில் செடிக்கு எங்கிருந்து உப்பு வந்தது என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் தீவு இது. திறந்த வெளியில் எந்த உப்பும் மண்ணில் நீண்ட நாள் தங்காது. ஆனால் நம்மில் பாதிப் பேர் செடி வளர்ப்பது திறந்த வெளியில் இல்லையே. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில், கூரைக்கு அடியில், நடக்க 1.2 மீட்டர் வழி விட்டுவிட்டு மீதி இடத்தில் அடுக்கிய தொட்டிகளில் வளர்க்கிறோம். அந்தத் தொட்டிகளுக்கு மழை என்றால் என்னவென்றே தெரியாது. ஊற்றும் தண்ணீரும் போடும் உரமும்தான் அவற்றின் உலகம். கொசுவுக்குப் பயந்து அடித்தட்டில் தண்ணீர் நிற்காதபடி அளந்து அளந்து ஊற்றுகிறோம். அதனால் தொட்டியின் அடி வழியாக எதுவும் வெளியேறுவதில்லை. தண்ணீர் ஆவியாகிறது, கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. மழைக்காட்டு நாட்டில் பத்தடி அகலத்துக்குப் பாலைவனம் நடத்துகிறோம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இன்னொரு வழியும் உண்டு: கோகோபீட். தென்னை நார்க்கழிவை அழுத்திக் கட்டிய அந்தச் செங்கல்களை இங்கே எந்த நர்சரியிலும் பார்க்கலாம். 2020இல் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவச விதைப் பொட்டலங்கள் அனுப்பிய காலத்திலிருந்து வாங்குவோர் கூட்டம் இன்னும் கூடிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பல் ஏறி வருகிற சரக்கு. தென்னை கடற்கரை மரம். மட்டையில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இருக்கும். மட்டையை உப்பங்கழியில் ஊறப்போடும் பழக்கம் உள்ள ஊர்ச் சரக்கென்றால் கேட்கவே வேண்டாம். நல்ல தயாரிப்பாளர்கள் கழுவி, பதப்படுத்தி அனுப்புகிறார்கள். மலிவுச் செங்கல்லில் என்ன இருக்கும் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நெருடல் தீராமல் இருந்ததற்குக் காரணம் மிளகாய். அக்காவின் முறைப்படியே கழுவிய கோகோபீட். பக்கெட்டில் ஊறவைத்து, துணியில் பிழிந்து, மறுபடி ஊறவைத்து, நீரின் நிறம் வெளுக்கும் வரை. கையில் இருந்த இ.சி. மீட்டர், அதாவது நீரில் கரைந்த உப்பின் மொத்த அளவை மின்கடத்தலைக்கொண்டு சொல்லும் பேனா போன்ற கருவி, முதல் நீரில் 3க்கு மேல் காட்டியது. கடைசி நீரில் 0.4. மிளகாய் தாங்கும் எல்லை மண்கரைசலில் 1.5 டெசிசீமன்ஸ் (மீட்டர் காட்டிய அதே அலகு) என்று பாடப்புத்தக அட்டவணைகள் சொல்கின்றன. ஆக, கணக்குப்படி எல்லாம் சரி. நாற்றும் ஒழுங்காகத்தான் முளைத்தது, வித்திலை விரிந்தது. நீர்த்த உரம் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் தகராறு. முதல் நிஜ இலைகள் சிறுத்து, நுனி சுருண்டு, ஓரம் தீய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால் வேர் கட்டை குட்டையாக, பழுப்பேறி இருந்தது. பூஞ்சை அழுகலாக இருக்குமோ என்றால், தண்டின் அடி உறுதியாக நின்றது. அதே விதை, அதே ஜன்னலோரம், தோட்டத்துப் பழைய மண்ணில் போட்ட நாற்று மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. உரத்தைக் கொடுத்த பிறகு நாற்று நலிவது விந்தைதானே? உப்பையெல்லாம் கழுவியாயிற்று என்று மீட்டர் சாட்சி சொல்கிறது. நாற்றோ உப்பு தின்ற நாற்றைப் போல நிற்கிறது.

மீன்தொட்டிக் கடைச் சொட்டு மருந்து

விடை எனக்குக் கிடைத்தது செடிக் கடையில் அல்ல, மீன் கடையில். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் நீரின் கடினத்தன்மையைப் பார்க்க ஒரு சிறு புட்டி வைத்திருப்பார்கள். குழாயில் 5 மில்லி நீர் எடுத்து அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு பச்சையாக மாறும் வரை எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். அது அளப்பது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் மட்டுமே. சோடியம், பொட்டாசியம் எவ்வளவு இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது. இ.சி. மீட்டரோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லிவிடும், எது என்று பிரித்துச் சொல்லாது. வீட்டில் இருந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்தேன். தோட்டக்கடைகளில் விற்கும் கால்சியம் நைட்ரேட் உரத்தில் கால்சியம் 19 சதவீதம். ஆக லிட்டருக்கு 190 மில்லிகிராம் கால்சியம். அந்தக் கரைசலுக்கு இருபத்தைந்துக்கு மேல் சொட்டு பிடித்தது, கணக்கோடு ஒத்துப்போனது. பிறகு, நன்றாகக் கழுவியதாக மீட்டர் சான்றிதழ் கொடுத்த அதே கோகோபீட்டில் இந்தக் கரைசலை ஊற்றி, ஓர் இரவு விட்டு, காலையில் அடியில் வடிந்ததைப் பிடித்தேன். மீட்டரை நனைத்தால் எண் ஏறக்குறைய அதேதான். போனதும் வந்ததும் ஒன்றே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சொட்டு மருந்தை விட்டபோது ஏழெட்டுச் சொட்டிலேயே பச்சை வந்துவிட்டது. குழாயைக் கையில் பிடித்தபடி சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கால்சியத்தில் பெரும்பகுதி நாரிலேயே நின்றுவிட்டது. மீட்டர் எண் குறையவில்லை என்றால், அதற்கு ஈடாக வேறு ஏதோ அங்கிருந்து கிளம்பி வந்திருக்கிறது. அந்த வேறு ஏதோ பொட்டாசியமும் சோடியமும்தான். கோகோபீட்டில் கால்சியத்துக்கு இடம் விட்டு விலகக்கூடியவையாக அவ்வளவு இருப்பவை அந்த இரண்டும்தான்.

இது எப்படி என்றால், எம்ஆர்டி ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் நிற்பவர்கள் இறங்கிவிடுவார்கள், உட்கார்ந்திருப்பவர்கள் அசையமாட்டார்கள். வெறும் தண்ணீரில் கழுவுவது நிற்பவர்களை இறக்குகிறது. நாரின் மேற்பரப்பில் எதிர்மின் இடங்கள் ஏராளம். அவற்றில் உட்கார்ந்திருக்கும் சோடியமும் பொட்டாசியமும் தண்ணீருக்கு அசைவதில்லை. அவற்றை எழுப்ப, அதே இடத்துக்கு உரிமை கொண்டாடும் இன்னொரு நேர்மின் அயனி, அதாவது அவற்றைப் போலவே நேர்மின்னேற்றம் கொண்ட அணு, வரவேண்டும். கால்சியத்துக்கு இரண்டு மின்னேற்றம், அதனால் பிடிமானம் அதிகம். அது வந்து உட்காரும், ஒற்றை மின்னேற்றக்காரர்கள் இரண்டு பேர் எழுந்து நீரோடு போவார்கள். பொள்ளாச்சியின் நல்ல ஆலைகளில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து மறுபடி கழுவி அனுப்புவது இதற்காகத்தான். அந்த வேலை செய்யப்படாத செங்கல்லில், அந்தப் பரிமாற்றம் நம் நாற்றின் காலடியில் நடக்கிறது. நாம் உரம் ஊற்றுகிறோம்; உரத்தில் இருந்த கால்சியத்தை நார் பிடித்து வைத்துக்கொள்கிறது; பதிலுக்குச் சோடியத்தை அவிழ்த்து வேர்மேல் விடுகிறது. நாற்றுக்கு ஒரே நேரத்தில் இரண்டு நட்டம். அக்காவின் தண்ணீருக்கு எட்டாத இடம் எனக்குப் புரிந்தது அன்றுதான்.

பிஞ்சு வேருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு

சோடியம் வந்தது கெடுதல் என்பது எல்லோருக்கும் தெரியும். கால்சியம் போனது ஏன் அவ்வளவு பெரிய கெடுதல் என்பதுதான் நான் அப்புறம் பல இரவுகள் தேடிப் படித்தது. தேடல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எமானுவேல் எப்ஸ்டீன் என்ற தாவர ஊட்டவியல் அறிஞரிடம் கொண்டுபோய் விட்டது. அவரும் லாஹே என்பவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. பீன்ஸ் செடிகளைச் சத்துக்கரைசலில் வைத்து, கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சோடியம் குளோரைடு சேர்த்தார்கள். எல்லாச் செடிக்கும் உப்பு ஒரே அளவுதான். கரைசலில் இருந்த கால்சியம் மட்டும் வேறுபட்டது. கால்சியம் மிகக் குறைவாக இருந்த செடிகளில் சோடியம் அணை உடைந்ததுபோல் இலைக்குள் பாய்ந்து அவற்றைக் கெடுத்தது. சில மில்லிமோல் கால்சியம் இருந்தவை அதே உப்பில் நின்றும் பெரிய சேதமில்லாமல் தப்பின. பீன்ஸ், உப்பு என்றாலே சுருண்டுவிடும் பயிர்களில் ஒன்று. அதனால்தான் இந்த முடிவு பலரைத் திரும்பிப் பார்க்கவைத்தது. எவ்வளவு உப்பு என்று கேட்பதோடு நிறுத்தாமல், உப்புக்குப் பக்கத்தில் எவ்வளவு கால்சியம் என்றும் கேட்க வேண்டும் என்பது அந்தச் சோதனையோடு நிலைபெற்றது. என் மீட்டர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் கருவி.

கால்சியம் அங்கே செய்யும் வேலை என்ன? வேரின் உயிரணுக்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வின் வெளிப்புறத்தில் அது கட்டுப்பொருளாக அமர்ந்திருக்கிறது. சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளின் எதிர்மின் தலைகளை இழுத்துப் பிடித்து, கண்டது உள்ளே நுழையாமலும் உள்ளே இருப்பது ஒழுகாமலும் வைத்திருக்கிறது. வெளியே சோடியம் மிகும்போது அதே இடங்களிலிருந்து கால்சியத்தைத் தள்ளிவிடுகிறது. பருத்தி நாற்றின் வேர்த்தூவிகளில், கால்சியத்தோடு சேர்ந்தால் ஒளிரும் ஒரு பொருளை ஏற்றிப் பார்த்து, உப்பு ஏறியதும் அந்த ஒளி மங்குவதை 1985இல் கிரேமரும் லாய்க்லியும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். கால்சியத்தைக் கூட்டியபோது அந்த மங்கல் குறைந்தது. சவ்வு தளர்ந்தால் முதலில் ஒழுகுவது பொட்டாசியம். உயிரணுவின் உள்வேலைகளில் பலவற்றுக்கு அது இல்லாமல் ஆகாது. சோடியம் உள்ளே நுழையும் வாயில்களில் ஒரு பெரும்பகுதி, எந்த நேர்மின் அயனி என்று பார்க்காமல் விட்டுவிடும் வகை. அந்த வாயில்களை வெளியிலிருக்கும் கால்சியம் அடைத்து நிற்கிறது. கால்சியம் போனால் அவை அகலத் திறந்துவிடும்.

எல்லாம் சரி, வளர்ந்த செடிக்கும் இதே சவ்வுதானே, நாற்றுக்கு மட்டும் என்ன தனி ஆபத்து என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இதற்கான விடைதான் என்னை மிகவும் கவர்ந்தது. செடிக்குள் சத்துகள் போக இரண்டு பாதைகள்: வேரிலிருந்து மேலே நீரோடு ஏறுவது ஒன்று, இலையிலிருந்து சர்க்கரையோடு கீழே இறங்குவது மற்றொன்று. பொட்டாசியம் இரண்டிலும் போகும். கால்சியம் ஏறக்குறைய மேலே மட்டும்தான் போகும், கீழே இறங்காது. அதனால் இலையில் எவ்வளவு கால்சியம் குவிந்திருந்தாலும் வேர்நுனிக்கு அதனால் பயனில்லை. புதிதாக உருவாகும் ஒவ்வொரு வேர்நுனி உயிரணுவும் தனக்கு வேண்டிய கால்சியத்தைத் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரத்திலிருந்து அப்போதே எடுத்தாக வேண்டும். விதையில் அம்மா கொடுத்த சேமிப்பு கொஞ்சம் உண்டு. அது தீரும் நேரத்தில்தான் முதல் நிஜ இலை வருகிறது. வளர்ந்த செடிக்கு ஒரு நூறு வேர்நுனிகள், சில கெட்டாலும் சில தப்பும். நாற்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே. என் மிளகாய் வித்திலை வரை சிரித்துக்கொண்டிருந்து நிஜ இலையில் அழுததற்கு இது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

இன்னொரு அடுக்கும் இருக்கிறது. கால்சியம் வெளியே காவல் நிற்பதோடு, உள்ளே செய்தியும் சொல்கிறது. உப்பு தொட்ட உடனே வேரின் உயிரணுக்குள் கால்சியத்தின் அளவு சட்டென்று எழுந்து அடங்கும். அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் வேர்நுனியில் உப்பை வைத்தபோது, கால்சிய அலை நொடிக்கு 0.4 மில்லிமீட்டர் வரையிலான வேகத்தில் மேலே தண்டு நோக்கி ஓடுவதை 2014இல் படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். 1998இல் தாவர உயிரியலாளர் ஜியான்-காங் சூவின் குழு அதே செடியில் எஸ்ஓஎஸ்3 என்ற புரதத்தைக் கண்டறிந்தது. இந்தச் சிறு கால்சிய எழுச்சியைப் பிடித்து அடுத்த புரதத்தை எழுப்புவது அதன் வேலை. அந்த வரிசையின் முடிவில் இருப்பது, உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளும் எஸ்ஓஎஸ்1 என்ற இறைப்பி. எஸ்ஓஎஸ்3 பழுதான செடிகள் சிறிது உப்புக்கே சுருண்டுவிடுகின்றன. வெளியே கால்சியத்தைக் கூட்டிக் கொடுத்தால் அவையும் ஓரளவு தேறுகின்றன. 2019இல் வந்த இன்னொரு ஆய்வு, சவ்வில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைக் கொழுப்பில் சோடியம் ஒட்டுவதுதான் இந்தச் செய்தியின் முதல் பொத்தான் என்று காட்டியது. கண்ணும் காதும் இல்லாத ஒரு பிஞ்சு வேர், உப்பு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே கால்சியம் வேண்டியிருக்கிறது.

முட்டை ஓட்டின் கணக்கு

அப்படியென்றால் சீன அங்கிள் சொன்னதுதானே சரி? பாதி சரி. கால்சியம் வேண்டும் என்பதில் அவரோடு எனக்குச் சண்டையில்லை. எந்தக் கால்சியம் என்பதில்தான். முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சாதாரண நீரில் அது லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்தான் கரையும். அமிலம் பட்டால் கரையும், புளித்த மண்ணில் மாதக்கணக்கில் மெல்லக் கரையும். ஆனால் நாற்றுக்கு வேண்டியது இந்த வாரம், இந்த வேர்நுனியில், கரைந்த நிலையில் இருக்கும் கால்சியம். டின்னில் இருக்கும் ஓட்டுத்தூள் தொட்டியில் போய் ஓட்டுத்தூளாகவே கிடக்கிறது. நுண்ணோக்கி வேண்டாம், ஒரு வருடம் கழித்துத் தொட்டியைக் கவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கரையும், அதுவும் கால்சியம்தான். ஆனால் அதன் காரம் பிஞ்சு வேரைப் பொசுக்கிவிடும். தேக்காவில் வெற்றிலைக் கடையிலிருந்து வாங்கி வந்து முயன்று பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். கால்சியம் குளோரைடு நன்றாகக் கரையும், ஆனால் குளோரைடையும் கூடவே கொட்டுகிறது. உப்பில் தவிக்கும் செடிக்கு அது தேவையில்லாத சீதனம். மிஞ்சுவது கால்சியம் நைட்ரேட்டும், கால்சியம் சல்பேட் கனிமமான ஜிப்சமும்.

ஜிப்சம் பற்றி வேதாரண்யம் பக்கம் இருக்கும் என் மாமாவிடம் பேசினேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்குப் பாடம் எடுக்க முடியாது, பாடம் கேட்கத்தான் முடியும். அவர்கள் ஊரில் ஜிப்சம் புதிதல்ல. நிலக்கடலைக்கு விழுது இறங்கும் பருவத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ போடச் சொல்லும் வேளாண் பரிந்துரை அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அது காய் திரளக் கால்சியம் வேண்டும் என்பதற்காக. சோடியம் ஏறிய களர் நிலத்துக்குப் போடுவது வேறு கணக்கு. 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகை மாவட்டத்து வயல்களை மீட்டபோதும் மழைநீரைத் தேக்கி வடிப்பது, தக்கைப்பூண்டு மடக்கி உழுவது இவற்றோடு ஜிப்சமும் பேசப்பட்டது. நான் என் சொட்டு மருந்துக் கதையை விரிவாகச் சொன்னேன். மாமா பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரிடா, ஊத்தின தண்ணி எங்க போவுது?" என்றார். தொட்டியிலேயே நிற்கும், காயும் என்றேன். "அப்ப என்ன பிரயோசனம்? ஜிப்சத்தைப் போட்டா உப்பு கழண்டு தண்ணியில நிக்கும். அத வடிச்சு வெளியேத்தணும். வடிகால் இல்லாத வயல்ல ஜிப்சம் போட்டா, கட்டிப்போட்ட மாட்ட அவுத்து விட்டுட்டு வேலியச் சாத்துன மாதிரி."

இதுதான் இரண்டு கட்சிக்கும் நடுவே விடுபட்ட இடம். கால்சியம் உப்பை அழிப்பதில்லை. பிடிமானத்திலிருந்து கழற்றி விடுகிறது, அவ்வளவுதான். கழன்றதை வெளியே கொண்டுபோக அக்காவின் தண்ணீர் வேண்டும். தண்ணீர் மட்டும் என்றால் கழற்ற ஆளில்லை. வரிசையும் முக்கியம்: முதலில் கால்சியம், அப்புறம் தண்ணீர், இரண்டும் முடிந்த பிறகு விதை. நாற்று நட்ட பிறகு இந்தப் பரிமாற்றத்தைத் தொடங்கினால், கழன்ற சோடியம் முழுக்க அந்த நாற்றின் வேரைக் கடந்துதான் வெளியேற வேண்டும்.

கால்சியத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதுவும் இன்னொரு முட்டை ஓடாகிவிடும். உப்பு செடியை இரண்டு விதமாகத் தாக்குகிறது. கரைசல் கெட்டியாவதால் வேருக்கு நீர் இழுப்பதே கடினமாவது ஒன்று. சோடியமும் குளோரைடும் உள்ளே சேர்ந்து நஞ்சாவது இன்னொன்று. கால்சியம் உதவுவது பெரும்பாலும் இரண்டாவதில், அதிலும் குறிப்பாகச் சோடியத்துக்கு எதிராக. நீர் இழுக்கும் சிரமத்தை அது குறைப்பதில்லை. அளவுக்கு மீறிப் போட்டால் அதுவும் கரைந்த உப்புதானே, சிரமத்தைக் கூட்டவே செய்யும். கால்சியம் ஏற்கெனவே போதுமான அளவு உள்ள நீரில் இன்னும் சேர்த்தால் பெரிய மாற்றம் தெரியாது. எப்ஸ்டீனின் பீன்ஸ் அவ்வளவு பளிச்சென்று தேறியதற்கு, கால்சியம் அடிமட்டத்தில் இருந்த கரைசலோடு ஒப்பிட்டதும் ஒரு காரணம். பயிருக்குப் பயிரும் மாறும். பருத்தி 7.7 டெசிசீமன்ஸ் வரை விளைச்சல் குறையாமல் தாங்கும், தக்காளி 2.5, பீன்ஸ் 1. தமிழ்நாட்டுக் கடலோர நெல்லில் குழியடிச்சான், கேரளத்தில் பொக்காளி என்று உப்போடு பழகிய ரகங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. பொக்காளியின் உப்புத்தாங்கும் திறனில் ஒரு பங்கு, மேலே ஏறும் சாற்றிலிருந்து சோடியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஒரு மரபணுவால் வருகிறது. அந்த வழிமுறை இல்லாத பயிரைக் கால்சியம் மட்டும் போட்டுப் பொக்காளி ஆக்கிவிட முடியாது.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கால்சியம் மேலே ஏறுவது இலை நீரை ஆவியாக்கும் இழுப்பில்தான். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், அதுவும் விடியற்காலையில், இலை எதையும் ஆவியாக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் வேரடியில் கால்சியம் இருந்தும் குருத்து இலைக்குப் போய்ச் சேராமல் ஓரம் தீய்வது உண்டு. அறைக்குள் கீரை வளர்க்கும் பண்ணைகளில் சலாட் இலையின் உள்நுனி கருகுவது இந்த வகைதான், காற்றாடி வைத்துச் சமாளிக்கிறார்கள். இலை ஓரம் கருகியதைக் கண்டதும் உப்பு என்றோ கால்சியப் பஞ்சம் என்றோ உடனே தீர்ப்பெழுத வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வேரைப் பிடுங்கிப் பார்ப்பது நல்லது. வேர் வெள்ளையாக நீண்டிருந்தால் தவறு மேலே, காற்றில். குட்டையாகப் பழுப்பாக இருந்தால் கீழே.

இப்போது என் முறை இதுதான். செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது முன்போலவே. பிறகு கால்சியக் கரைசலில் ஓர் இரவு, காலையில் வடிந்த கரைசலில் சொட்டுப் பரிசோதனை, கடைசியாக மறுபடி நல்ல நீரில் அலசல். உள்ளே ஊற்றிய கரைசலுக்கும் வடிந்ததற்கும் சொட்டு எண்ணிக்கை நெருங்கி வரும்வரை ஊறல் போதவில்லை என்று பொருள். கால்சியம் நைட்ரேட்டை விட்டு ஜிப்சத்துக்கு மாறிவிட்டேன். லிட்டருக்கு இரண்டரை கிராமுக்குள்தான் கரையும், ஆனாலும் இந்த வேலைக்கு அது தாராளம். நைட்ரேட் நீரைக் கீழ்த்தளத்துக் கால்வாயில் ஊற்ற மனம் வரவில்லை. தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்து மழைநீர் கால்வாய் வழியாக நீர்த்தேக்கங்களுக்குப் போகிற ஊர் இது. வடிந்த ஜிப்சநீர் குளியலறைத் தரையில் போகிறது.

அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன், குழாயில் சொட்டு விட்டும் காட்டினேன். பச்சை வந்ததைப் பார்த்துச் சிரித்தார். "மிளகாய்க்கு நீ செய்றத செய் தம்பி. என் தண்டுக்கீரைக்கு இந்த ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்" என்றார். அவர் கீரைப் பாத்தி திறந்த வெளியில் இருக்கிறது, அடியில் மண், மேலே வானம். தண்டுக்கீரையும் ஓரளவு உப்பு தாங்கும் இனம். அந்தப் பாத்தியைப் பொறுத்தவரை அவர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. அங்கிளுக்கு இன்னும் சொல்லவில்லை. மைலோ டின் இந்த மாதம் மறுபடி நிரம்பியிருக்கிறது.